நனைந்த ரெஜிஸ்டர்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

இன்று உலக எய்ட்ஸ் தினம். சிவப்பு ரிப்பன் 200 வாங்கி, டீக்குச் சொல்லி, மைக்செட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி நம் புதுச்சேரிப் பக்கமே கரையேறி, அப்புறம் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்துகொண்டது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆணை விரும்பும் ஆண்களும் திருநங்கைகளுமாக நாங்கள் கூடுகிற சென்டர் ரூமைத் திறந்தபோது உள்ளே முழங்கால் தண்ணீர். ரிப்பன் டப்பா மிதந்து வந்து காலில் முட்டியது.

கரண்ட் இல்லை. ரெயின்போ நகர் முழுக்க வெள்ளம் என்கிறார்கள். "நம்ம கொடி வானவில் கொடி, சென்டருக்குப் பேர்ப் பொருத்தம் அங்கதான், ஒரு வீடு பாருங்கண்ணா" என்று சின்னப் பசங்கள் வருஷா வருஷம் கிண்டல் செய்வார்கள். நல்லவேளை, பார்க்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறுதான் மிச்சம். கடலூரிலிருந்து கூட்டிப் பெருக்க வருவதாகச் சொன்ன இரண்டு பேராலும் வர முடியவில்லை. சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை பொங்கி, பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் வெள்ளம்.

பீரோவின் அடித்தட்டில் 2002-லிருந்து வந்த ரெஜிஸ்டர்கள். எல்லாம் ஊறிப்போய்த் தடித்திருக்கின்றன. தூக்கிப் போடலாம் என்றுதான் நினைத்தேன். சட்டக் கல்லூரியில் படிக்கிற பையன் விடவில்லை. தாளைத் தாளாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டான். திருநங்கை மகள் ஒருத்தி விட்டுப்போயிருந்த ஹேர் டிரையரை, கரண்ட் வந்ததும், 2004-ஆம் வருஷத்தின் மேல் பிடித்தான். மை ஓடாமல் இருப்பது பால்பாயிண்ட்டில் எழுதியது மட்டும்.

டிசம்பர் 5, வியாழன்

"இது எப்படிண்ணா ஆரம்பிச்சுது?" என்று கேட்டான். உரிமைப் போராட்டம், கொடி, ஊர்வலம் என்று எதிர்பார்த்திருப்பான் போல. பாவம்.

நோயில்தான் ஆரம்பித்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டிலேயே முதல்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தது. 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. அதன் பிறகுதான் எங்களை மாதிரி ஆட்கள் இருக்கிறோம் என்பதே காகிதத்தில் ஏறியது, அதுவும் ஆணோடு உறவு வைக்கும் ஆண்கள் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கமாக, எம்.எஸ்.எம். என்று மூன்று எழுத்தாக. அந்தப் பணத்தில்தான் எங்களுக்குச் சுவரும் கூரையும் கிடைத்தன. உரிமை என்று கேட்டிருந்தால் யாரும் திண்ணைகூடத் தந்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால் கடற்கரையும் தாவரவியல் பூங்காவும்தான் எங்கள் சென்டர். உட்கார்ந்து பேச முடியாது, நடந்துகொண்டே பேச வேண்டும்.

ரூமுக்கு வெளியே "சுகாதார ஆலோசனை மையம்" என்று போர்டு. ரெஜிஸ்டரில் ஆணுறை எத்தனை, சந்தித்தவர் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். பெயர்க் கட்டத்தில் எல்லாம் பட்டப்பெயர்: மதினி, சில்க், முத்தியால்பேட்டை பெரிசு. சில்க் 2006 மார்ச்சோடு நின்றுவிடுகிறாள். எங்கே போனாளோ, தெரியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

கண்ணாடியைப் பற்றி எழுதாமல் விட்டால் தப்பு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் 350 ரூபாய்க்குப் பேரம் பேசி, ரிக்‌ஷாவில் பிடித்துக்கொண்டே வந்த ஆளுயர நிலைக்கண்ணாடி. எந்த ரிப்போர்ட்டிலும் அது ஏறவில்லை. ஆனால் ஆட்கள் வந்தது அதற்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் சட்டை பேன்ட்டில் வருவார்கள். புடவை, பொட்டு, இரண்டு மணி நேரச் சிரிப்பு. அப்புறம் தேங்காயெண்ணெய் தொட்டு மையைத் துடைத்து, காதோரம் மிச்சம் இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துவிட்டு, மறுபடி சட்டை மாட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளிடம் போவார்கள்.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்குப் போர்டைப் பார்த்து ஒரு சந்தேகம். "மலேரியா ஆபீஸா தம்பி? கொசு மருந்து அடிப்பீங்களா?" ஆமாம்மா என்று சொல்லிவைத்தோம். ஒரு சனிக்கிழமை முறுக்குத் தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மதினி பாதிப் புடவையில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு ரூமைக் காலி செய்யும் தேதிகூட மனசில் வந்துவிட்டது. அம்மா தட்டைக் கீழே வைத்தார். "கொசுவம் இப்படியா வைப்பாங்க?" என்று உருவி, விரல் விரலாக மடித்து, செருகிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாடகையை ஏற்றியிருக்கிறாரே தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

வெள்ளத்தில் கண்ணாடியின் ரசம் முழங்கால் உயரத்துக்கு உரிந்துபோயிற்று. இனிமேல் புடவைக் கரை தெரியாது.

டிசம்பர் 11, புதன்

2013 டிசம்பர் 11-ம் புதன்கிழமைதான். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பல்லைப் பிடுங்கிய, எங்கள் உறவைக் குற்றமாக்கும் 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் திரும்ப உயிர்ப்பித்த நாள். அந்தத் தாள் இன்றுதான் காய்ந்தது. குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்து: "டீ 34." வேறொன்றும் எழுதவில்லை. வேறொன்றும் நடக்கவும் இல்லை. வந்தார்கள், குடித்தார்கள், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டப் பையன் ஒரு சேதி சொன்னான். பிரான்ஸ் 1791-லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நாம் பிரெஞ்சுக்காரர் ஊர். இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்ததே 1963 அக்டோபர் 1-ல்தான். 2018 செப்டம்பர் 6-ல், இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆக நம்ம ஊருக்கு 377 வந்து போனது 55 வருஷத்துக்குள். நான் பிறந்தது 1964. ஒரு வருஷத்தில் கோட்டை விட்டிருக்கிறேன்! பிரெஞ்சுக்காரன் காலத்தில் மட்டும் ஊர் வாய் மூடிக்கொண்டா இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். படிக்கட்டு நெடுக அகல் வைத்தோம். காற்றுக்குப் பாதி நிற்கவில்லை. 2002, 2003 ரெஜிஸ்டர்கள் கூழாகிவிட்டன, விட்டுவிட்டோம். மீதி, அட்டைப்பெட்டியில், பீரோவின் மேல்தட்டில். கண்ணாடிக்குக் கீழே இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தோம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது. கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்து பொரியுருண்டை கொடுத்தார். ரூமை எட்டிப் பார்த்தார். "தண்ணி நின்னதுல ஒரே கொசு தம்பி. மருந்து எப்ப அடிப்பீங்க?"

மறந்துதான் கேட்கிறாரா, கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"திங்கக்கிழமைம்மா" என்றேன்.