படம் கீறுகிறேன்

1990இல் இலங்கையின் பேசாலையிலிருந்து வள்ளத்தில் வந்தபோது எனக்கு ஆறு வயது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மண்டபத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வாரம், “நான் படம் கீறுவேன்” என்றேன். வகுப்பே சிரித்தது. இங்கே கீறுவது பிளேடால். அதன்பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டு வரைந்தேன்.

இப்போதும் உடைந்த படகுப் பலகைகளில் சொற்களைத்தான் வரைகிறேன். கச்சான் என்றால் பாம்பன்காரருக்குக் காற்று. கடலுக்குப் போன என் அப்பாவுக்கும் அது காற்றுதான். அம்மாவுக்கோ மணலில் வறுத்த நிலக்கடலை. இப்படிப் 12 பலகைகள் சேர்ந்ததும் ராமநாதபுரத்தில் மூன்று நாள் கண்காட்சி வைக்க நினைத்தேன். எங்களைப்போல் அகதி முகாமில் இருப்பவர் வெளியே போய்த் தங்க அனுமதி வேண்டும்.

மனு எழுதிக் கொடுத்த அண்ணன் நல்ல மனிதர். ஆனால் ‘கீறுகிறேன்’ என்பதை ‘வரைகிறேன்’ ஆக்கினார், வள்ளத்தைப் படகாக்கினார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டால் மனுவையே காணோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரும் திரும்பிவிடாதீர்கள்.

இரண்டாவது மனுவை என் கையால், என் தமிழிலேயே எழுதினேன். எல்லாப் படங்களுக்கும் போட்டோவும் விளக்கமும் கேட்டார்கள். ஒரு படத்தில் அதிகாரியின் கை நின்றது: இருட்டில் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள். “இது மட்டும் வேண்டாம்ப்பா.”

தெரிந்த வக்கீல் அக்காவிடம் ஓடினேன். அரசியலமைப்பைத் திறந்து காட்டினார். 19ஆம் பிரிவில் பேச்சுரிமை குடிமக்களுக்கு. 21ஆம் பிரிவில் உயிரும் தனிமனித சுதந்திரமும் எந்த மனிதருக்கும். 2021இல் எங்கள் முகாமின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் நான் இன்னும் குடிமகன் இல்லை. வழக்குப் போட்டால் வருடக்கணக்காகும் என்றார் அக்கா. 11 படங்களுக்குச் சம்மதித்தேன். அது சரியா என்று இன்றுவரை மனசு கேட்கிறது.

அனுமதி தந்த நாளில் அதே அதிகாரி, “பேந்து என்றால் என்ன?” என்று கேட்டார். அப்புறம் என்று அர்த்தம் என்றேன். சொல்லின் மேல் பென்சிலால் எழுதிக்கொண்டு கையெழுத்திட்டார். கண்காட்சி நடந்தது. கச்சான் பலகைமுன் பாம்பன் மீனவர்கள் வெகுநேரம் நின்றார்கள்.

திட்டுப் படம் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். “நாங்களும் இப்பிடித்தான் ஒரு இராப் பூரா கிடந்தனாங்கள். என்ர பெடியன் இதில இல்லை. அவனையும் கீறிவிடு தம்பி.”

கீறிக்கொண்டிருக்கிறேன்.