சாம்பல்

அடுப்புக் கண்ணாடி முழுக்கக் கரி. உள்ளே தீ எரிகிறதா என்றே தெரியவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலைக் குளிர் எலும்பு வரை போகும். ஆனாலும் அழுத்திய மரத்தூள் துண்டுகளை எரிக்கும் பெல்லட் அடுப்பை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டுத்தான் திறந்தேன். கையளவு எரிகிண்ணம். அடியில் காற்று வரும் ஓட்டைகளைச் சாம்பல் கல் மாதிரி இறுகி அடைத்திருந்தது. பழைய ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகக் குத்தினேன்.

ஈரத்தாளில் அதே சாம்பலைத் தொட்டுத் தேய்த்ததும் கண்ணாடி பளிச்.

மோட்டார், விசிறி எல்லாம் உண்டு. கரண்ட் போனால் அணைந்துவிடும் நாகரிக அடுப்பு. சாம்பல் அள்ளுவது மட்டும் பாட்டி செய்த அதே வேலை!

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா இரும்பு வாளியை எட்டிப் பார்த்தார். "கொட்டிடாதடா, பாத்திரம் தேய்க்க ஆகும்."

"உள்ள கங்கு இருக்கும்மா, நாளைக்கு எடுத்துக்கோ."

மூடி, வெளியே வைத்தேன். இதுவரை இரண்டு முறை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டார்.