மேற்கு வெயிலும் இட்லிப் பானையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டின் பின்புறம் ஓர் அறை இழுத்துக் கட்டினோம். மூன்று பக்கமும் கண்ணாடி. தைப்பூசக் காவடிக்கு வந்த அத்தை, "என்னப்பா இது, இட்லிப் பானையா?" என்று வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் 'லோ-ஈ' (சூட்டைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி) என்றதும் தலையாட்டியது என் தப்பு. அதில் இரண்டு வகை. குளிர் ஊருக்கானது வெயிலை உள்ளே விட்டுச் சூட்டைப் பூட்டிவைக்கும். டர்பனுக்கு வேண்டியது வெயிலையே தடுப்பது. கேட்க வேண்டிய எண் எஸ்.எச்.ஜி.சி., அதாவது விழும் வெயில் சூட்டில் எவ்வளவு பங்கு உள்ளே வரும் என்பது: சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 0.8, நமக்கு 0.3 பக்கம் இருந்தால் நல்லது.

தென்கோளத்தில் இருக்கும் டர்பனில் நடுப்பகல் சூரியன் வடக்கே. கோடையில் அது உச்சியில் நிற்பதால் நீட்டிய கூரையே போதும். மேற்கு வெயில் தாழ்வாக வரும், கூரைக்கு அடங்காது. அதனால் மேற்குக் கண்ணாடியை மட்டும் மாற்றினேன். கிழக்கே கைவைக்கப் பணமில்லை.

அத்தை இன்னும் வெளியேதான் உட்காருகிறார்.