மாடி ஸ்ட்ராபெர்ரியும் செஞ்சிலந்திப் பேனும்

வேலூர் வெயிலில் ஸ்ட்ராபெர்ரியா என்று எங்கள் காட்பாடித் தெருவில் கேட்காத ஆளில்லை. கார்த்திகையில் நட்டால் மாசி வரை தொட்டியில் நன்றாகவே காய்க்கிறது. அந்த மாதங்களில் வெயிலை விடப் பெரிய தொல்லை பூச்சிதான்.

அதிலும் செஞ்சிலந்திப் பேன். பொங்கல் முடிந்து பனி குறைந்து, காற்று காய ஆரம்பித்ததும் வந்துவிடும். இலையின் மேல்புறம் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் தெரியும். அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து இலையை ஒரு தட்டு தட்டுங்கள். விழுகிற தூசி நகர்ந்தால் அதுதான். முற்றிவிட்டால் காம்புகளுக்கிடையே நூலாம்படை கட்டியிருக்கும். இது பூச்சியே அல்ல, சிலந்திக்கு உறவான எட்டுக்கால் உயிரி. கடையில் தரும் பொதுவான பூச்சிமருந்து பல சமயம் இதை விட்டுவிட்டு, இதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிடும். அதனால் நான் அதை வாங்குவதே இல்லை. காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன். வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், அது கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். பூவின் மேல் மட்டும் படவே கூடாது. தேனீ சரியாக வந்து போகாவிட்டால் பழம் கோணிக்கொள்ளும்.

தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் இதே கரைசல் போதும். ஆனால் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். அசுவினி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவலே நிற்கும்.

அப்புறம் அணில், மைனா. பழுக்கிற குலையை மட்டும் சின்ன வலைப்பையால் மூடிவிடுவேன், சரியாகிவிடுகிறது.