ரீகலில் பார்த்த ஹவாய்

எங்கள் உயர்தர வகுப்பின் சரித்திர ஆசிரியர் விடுதி மாணவர் பதினைந்து பேரை ஒரு சனிக்கிழமை பிற்பகல் ரீகல் தியேட்டருக்கு அழைத்துச் சென்றது எழுபதுகளின் தொடக்கத்தில். படம், 1970இல் வெளியான 'தி ஹவாயியன்ஸ்'. 'பென்ஹர்' பார்த்த நாள் முதல் சார்ல்டன் ஹெஸ்டனுக்காக எதையும் பார்க்க ஆயத்தமாயிருந்த எங்களுக்கு, அவர் கப்பல் தலைவனாகவும் தோட்டத் துரையாகவும் வருகிறார் என்பதே போதுமாயிருந்தது. ஹவாய் ஒரு காலத்தில் தனக்கென அரசரைக் கொண்டிருந்த நாடு என்பது எங்களுள் ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் ஹெஸ்டனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "தம்பிமார், அந்தச் சீனப் பெண்ணை அவளின்ரை பிள்ளையள் என்னெண்டு கூப்பிட்டவை?" என்றார். கடைசி வாங்கில் இருந்த, மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான அட்டன் பக்கத்து நண்பன் மட்டும் எழுந்து, "ஆன்ட்டி, சேர்" என்றான்.

சீனக் கூலிகளோடு வந்திறங்கிய நியுக் சின்னாக டீனா சென் நடித்திருந்தார். அவளுடைய கணவனுக்கு ஊரில் மூத்த மனைவி இருந்தாள். மரபுப்படி அவளே தாய். ஆகவே ஐந்து கண்டங்களின் பெயர்களைச் சூட்டி இவள் பெற்று வளர்த்த பிள்ளைகள், சாகும்வரை தாயென்று அழைக்க உரிமையில்லாமல், இவளைச் சின்னம்மா முறையில் வைத்தே அழைத்தார்கள். துரை திருடிக் கொண்டுவந்த அன்னாசிக் கன்றுகளைப் பிழைக்க வைத்தவளும் இவளே. அதை நாங்கள் துரையின் சாமர்த்தியமென்று நினைத்திருந்தோம்.

அதன்பின் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியவற்றை இன்றும் சொல்வேன். அந்நியர் கொண்டுவந்த நோய்களால் தீவின் சொந்த மக்கள் மடிந்துகொண்டிருக்க, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை மீறிய கூலியைச் சிறையிலிடச் சட்டம் 1850இல் வந்தது. 1852இல் தீற்றிஸ் என்ற கப்பல், மாதம் மூன்று டொலர் கூலிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஏறத்தாழ இருநூறு சீனரை இறக்கியது. 1875ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஹவாய்ச் சீனி வரியின்றி அமெரிக்கா சென்றது. அதில் கொழுத்தவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமே 1893 ஜனவரியில் அரசி லிலியுவோகலானியை அரியணையிலிருந்து இறக்கினார்கள்.

படம் இந்தக் கடைசிப் பகுதியை ஓட்டமாக ஓடிக் கடக்கிறது. 1900இல் கொள்ளைநோயை ஒழிக்கச் சுகாதாரச் சபையினர் வைத்த தீ, காற்றில் பரவி ஹொனலுலுவின் சீனத் தெருக்களை எரித்த நிகழ்ச்சியும் அப்படியே. நாட்டுக்குரிய ஹவாய் மக்களோ பெரும்பாலும் பின்னணியில்தான் நிற்கிறார்கள். இதை நான் குறையென்றே கொள்கிறேன்.

ஆனால் மொலக்காய்த் தீவுக் காட்சிகளில் ரீகலே அடங்கிப்போயிற்று. தொழுநோய் கண்ட கணவனோடு, பிள்ளைகளைப் பிறரிடம் விட்டுவிட்டு, நியுக் சின் தானும் போகிறாள். அந்தக் கணவனாக வந்த மாக்கோ என்ற நடிகர் ஜப்பானியர். சீனராக நடிக்கிறார் என்பதை நாங்கள் அறியவேயில்லை, அவ்வளவு உண்மையாக அழுதார். அந்தத் தீவில் செங்குத்து மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கலௌபாப்பா என்ற தொழுநோயாளர் குடியிருப்புக்கு 1866 முதல் எண்ணாயிரம் பேர்வரை அனுப்பப்பட்டார்கள். நோயற்றிருந்தும் துணையாகச் சென்றவர்களைக் 'கோகுவா' என்பார்கள். அந்தக் கட்டாயத் தனிமைப்படுத்தல் முடிவுற்றது 1969இல், படம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில்தான். நாங்களோ பழங்கதை பார்ப்பதாக எண்ணி இருந்தோம்.

நான் ஹவாய்க்குப் போக வாய்த்தது ஓய்வு பெற்ற பின்னரே. வைப்பாகு ஊரிலுள்ள தோட்டக் கிராம அருங்காட்சியகத்தில் 'பாங்கோ' எனப்படும் இலக்கத் தகடுகளை வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் கூலியாளை அந்த இலக்கத்தால்தான் அறிவார்கள், பெயரால் அல்ல. ஒன்றைப் படமெடுத்து, இப்போது திருச்சியில் வாழும் அந்த அட்டன் நண்பனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "எங்க தாத்தா தகரச்சீட்டக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டிருந்தாரு. அன்னைக்கு வகுப்புல சொல்லக் கூச்சமா இருந்துச்சு."