கள்ளித் தடியை உடனே ஊன்றாதீர்கள்

கிளுவைக் கதியால் போட்டுப் பழகிய கை எங்களுடையது. ஐப்பசி மழை தொடங்கியதும் தடியை வெட்டினோமா, வேலியில் ஊன்றினோமா என்று இருப்போம். செவ்வரத்தையும் அப்படித்தான் வளர்ந்தது. யூபோர்பியா என்கிற கள்ளியையும் அதே மழையில் ஊன்றுகிறார்கள், அடி அழுகிவிடுகிறது. யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வளவுக்குத் தடி கேட்டு வருகிற எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: மழை ஓயட்டும், வெட்டுவாய் காயட்டும்.

தை பிறந்து நிலம் காய்ந்த பிறகுதான் கத்தியை எடுப்பேன். முற்றிய கிளையில் ஒரு சாண் போதும். வெட்டியதும் பால் பொட்டுப் பொட்டாக அரும்பி, ஒன்றுசேர்ந்து, முள் வழியே வடியும். வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும். தாய்க்கன்றின் காயத்துக்கும் தெளிப்பேன். அப்புறம் விறாந்தை நிழலில், சாக்கின் மேல், ஒரு கிழமை கிடக்க வேண்டும். பச்சை மங்கி, ஓரம் உள்ளே சுருங்கி, புண்ணில் பக்குக் கட்டுவது போல மூடிக்கொள்ளும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாது. அழுகல் உள்ளே போகாமல் தடுப்பது அந்த மூடிதான்.

"வாடிப்போச்சே பிள்ளை, இனி எங்க வேர் விடும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கவலைப்பட்டார். "தண்டுக்குள்ள தண்ணி இருக்கு அக்கா, பொறுங்கோ" என்றேன். முள்ளோடு பூக்கிற இந்த யூபோர்பியாவின் சொந்த ஊர் மடகாஸ்கர். காய்ந்த நிலம் அதற்குப் பழக்கம்.

செம்மண்ணோடு சரிபாதி மணலும் கொஞ்சம் செங்கல் துண்டும் கலந்து சாடியை நிரப்புவேன். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அது வேண்டாம். நட்ட பிறகு மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அரும்பிய வேர் அதிலேயே அறுந்துவிடும்.

பால் விஷயத்தில் கவனம் வேண்டும். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுத்தான் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

பெரிய சதுரக்கள்ளியை இடம் மாற்றுவதென்றால், வெயில் விழுகிற பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தோண்டுங்கள். புது இடத்திலும் அதே பக்கம் வெயிலுக்கு நிற்க வேண்டும். நிழலில் இருந்த பக்கம் பங்குனி வெயிலில் கருகிவிடும். சாக்கைச் சுற்றிப் பிடித்தால் முள்ளும் குத்தாது, தண்டும் முறியாது. அறுந்த வேர் ஆறும்வரை சில நாள் தண்ணீர் ஊற்றாமல் விடுவேன். சோளகக் காற்று அடிக்கத் தொடங்குவதற்குள் அது மண்ணைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். அதனால் பங்குனிக்குப் பிறகு பெரிய கள்ளியை நான் தோண்டுவதில்லை.