லர்ச்சரும் விளக்கும்: இரவு முயல் பிடிப்பில் தவறு எங்கே நடக்கிறது

லர்ச்சர் தனி இனம் அல்ல, கலப்பு. கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி மாதிரி ஓட்ட நாய் ஒரு பக்கம். கோலி, பெட்லிங்டன் டெரியர் மாதிரி வேலை நாய் மறுபக்கம். முன்னதிலிருந்து வேகம் வருகிறது, பின்னதிலிருந்து சொன்னதைக் கேட்கும் புத்தியும் தாக்குப்பிடிக்கும் உடம்பும். இங்கிலாந்துக் கிராமங்களில் இரவில் விளக்கு அடித்து, இந்த நாயை விட்டு முயல் பிடிப்பதை 'லாம்ப்பிங்' என்கிறார்கள். முயல் தப்பினால் நாயைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் பாதிக்கு மேல் தவறு விளக்கு பிடித்த கையில்தான் இருக்கும்.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் ராபிட், ஹேர் இரண்டுமே 'முயல்'. இங்கே பிடிப்பது பற்றிப் பேசும்போது முயல் என்பது ராபிட்தான். இங்கிலாந்திலோ சட்டமே அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் உள்ளது. வளை தோண்டி வாழும் ராபிட்டை, நிலத்துக்காரர் அனுமதி இருந்தால் நாய் விட்டுப் பிடிக்கலாம். ஹேரைத் துரத்தக் கூடாது. நிலத்துக்காரரே அனுமதி தந்தாலும் கூடாது. விளக்கில் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ராபிட் சிறியது, வெள்ளை வாலைக் காட்டிக்கொண்டு வேலியோரம் உள்ள வளைக்கு ஓடும். ஹேர் பெரியது, நீண்ட காதின் நுனி கறுப்பு, வெட்டவெளியை நோக்கி ஓடும். சந்தேகம் வந்தால் நாயை விடாதீர்கள். அனுமதி எழுத்தில் இருக்கட்டும், அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும். போகும் முன் 101க்கு அழைத்துக் காவல்துறையிடம் சொல்லிவிடுவது நல்லது. இரவில் வயலில் விளக்கைக் கண்டால் ஊர்க்காரர்கள் திருட்டு வேட்டை என்றுதான் நினைப்பார்கள். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், 2023இல் அது இன்னும் இறுகிவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்க் காட்டுமுயலை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ஊரில் டார்ச் எடுக்க வேண்டாம்.

அடுத்தது விளக்கு. பழைய 100 வாட் ஹாலஜன் விளக்கு 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 17 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி கணக்குப்படி இரண்டு மணி நேரம் வர வேண்டும், வராது. அவ்வளவு வேகமாக இழுத்தால் அதன் கொள்ளளவே குறைந்துவிடும். பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் பேட்டரியும் சீக்கிரம் செத்துப்போகும். போதாததற்கு தோளில் ஐந்து கிலோவுக்கு மேல் சுமை. இன்று 20 வாட் எல்.இ.டி. விளக்கும் ஒரு சிறிய லித்தியம் பேட்டரியும் போதும். எல்.இ.டி. வாங்கும்போது லூமன் (மொத்த ஒளியின் அளவு) எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளிச்சம் அகலமாகச் சிதறினால் பயனில்லை. 150 மீட்டருக்குக் குறுகிப் பாயும் ஒளிக்கற்றைதான் தேவை. சுவிட்ச் பிடியிலேயே, சத்தமில்லாமல், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நரி சுடுபவர்கள் போடும் சிவப்புக் கண்ணாடி இங்கே உதவாது. நாயின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது, துரத்த வேண்டியதோ நாய்தான்.

நல்ல இரவு என்பது நிலவில்லாத, பலத்த காற்றடிக்கும் இரவு. லேசான தூறல் இருந்தால் இன்னும் நல்லது. காற்று காலடிச் சத்தத்தை மறைக்கும். அமைதியான நிலா இரவில் நீங்கள் வாயிலைத் திறக்கும்போதே வயல் காலியாகிவிடும். காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. அதற்குப் பிறகு குட்டி ஈன்ற பெண் முயல்கள் மாட்டும், பயிரும் உயர்ந்துவிடும்.

அந்த வயலைப் பகலில் ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள். முள்கம்பி எங்கே, பள்ளம் எங்கே, கலப்பையை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், ஆடு எந்த வயலில் மேய்கிறது என்பதெல்லாம் மனதில் பதிய வேண்டும். முழு வேகத்தில் கம்பியில் மோதும் நாய் பிழைப்பதே அரிது. கம்பி உள்ள பக்கம் நாயை விடவே கூடாது. விட்டபின் பயந்து விளக்கை அணைப்பது அதைவிட மோசம்: வெளிச்சத்துக்குப் பழகிய கண் இருட்டில் ஒன்றும் காணாது, நாயோ அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முகத்தில் காற்று வாங்கியபடி நடங்கள். விளக்கை ஒரு வீச்சு வீசி உடனே அணையுங்கள். முயலின் கண் செம்மையாக மினுங்கும், ஆட்டின் கண் பச்சை கலந்து. முயல் இருக்கும் இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, அதற்கும் வேலிக்கும் நடுவே போய்ச் சேர இருட்டிலேயே நடக்க வேண்டும். நாற்பது ஐம்பது மீட்டர் தொலைவில் மறுபடி விளக்கு. பலர் இங்கேதான் அவசரப்பட்டு நாயை விட்டுவிடுகிறார்கள். நாய் முயலைப் பார்த்துவிட்டதா என்பது கையிலேயே தெரியும்: கழுத்துப்பட்டை இறுகும், காது நிமிரும். பார்க்காத நாயை விட்டால் அது வெளிச்சத்தைத் துரத்தக் கற்றுக்கொள்ளும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. கயிறு இரண்டு மீட்டர் போதும். அகலமான பட்டையின் வளையத்தில் நுழைத்து இரு முனையையும் கையில் பிடித்து, ஒன்றை விட்டால் உருவிக்கொள்ள வேண்டும். நழுவ வேண்டிய முனையில் முடிச்சு இருக்கவே கூடாது.

நாய் போனபின் நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், விளக்கைத் தோளுக்கு மேலே தூக்குங்கள். தாழ்வாகப் பிடித்தால் நாயின் நிழலே முயல் மேல் விழும். முயல் திரும்பும்போது மணிக்கட்டும் கூடவே திரும்ப வேண்டும். ஒளி பின்தங்கினால் நாய் இருட்டுக்குள் ஓடும், திரும்பி வரும் நாயின் முகத்தில் அடித்தால் கண் கூசி நின்றுவிடும். பிடித்தவுடன் ஒளியை உங்கள் காலடிக்கு இறக்கிக் குந்துங்கள், அந்த வெளிச்சத்தை நோக்கி நாய் வரும். பெயர் சொல்லிக் கத்தினால் மற்ற முயல்களுக்குச் செய்தி போய்விடும்.

நல்ல லர்ச்சர் முயலை உயிரோடு, சேதமில்லாமல் கையில் தரும். பின்னங்கால் ஒரு கையில், தலை மறு கையில். கீழே இழுத்துத் தலையைப் பின்னால் மடக்கினால் கழுத்து விலகி உடனே உயிர் போய்விடும். தயங்கித் தயங்கிச் செய்வதுதான் கொடுமை. பிறகு அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் கறி நாறும். குடலை நாய்க்குப் போடாதீர்கள், நாடாப்புழு வரும். கண் வீங்கி, விளக்கடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முயலுக்கு மிக்சோமடோசிஸ். பிரிட்டனுக்கு 1953இல் வந்த நோய் அது. அதன் வேதனையை முடித்துவிடுங்கள், கறிக்கு எடுக்க வேண்டாம்.

தப்பிய முயல் பாடம் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை ஒளி பட்டதுமே ஓடும். அதனால் ஒரே வயலை வாராவாரம் அடிப்பதில் பயனில்லை, இரண்டு மூன்று வாரம் விட்டுவைக்க வேண்டும்.

எத்தனை ஓட்டம் விடலாம் என்பதில் ஆசையை அடக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த நாயை விடவே வேண்டாம், எலும்பு முதிர்ந்திருக்காது. இளம் நாய்க்கு முதல் இரவில் இரண்டே ஓட்டம், அதுவும் எளிதானவை. தேறிய நாயானாலும் மூச்சு முழுதாகச் சீராகும் வரை அடுத்த ஓட்டம் கிடையாது. திரும்பி வரும் நடை தளர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நாலைந்து மணி நேரம் முன்பே தீனி முடிந்திருக்க வேண்டும். முடித்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஈரம் துடைத்து, போர்வை போர்த்தி வண்டியில் ஏற்றுங்கள்.

வீடு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடைச் சவ்வில் வெட்டு, தொடையில் முள், விரல் மூட்டில் வீக்கம் இருக்கிறதா என்று விளக்கொளியில் தடவிப் பாருங்கள். மறுநாள் காலை நாய் விறைத்து நடந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது என்று பொருள். சிறுநீரகம் கெடும் முன் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.